மும்பையில் சரி, கும்பகோணத்தில் ஒல்லி: ஓர் அரங்கேற்ற டிவிடியின் பட விகிதம்

செம்பூரில் நாட்டிய வகுப்பு நடத்தும் டீச்சர் ஒருவர், தன் மாணவியின் அரங்கேற்றத்தை டிவிடியாகப் போட்டு, கும்பகோணத்தில் இருக்கும் அத்தைக்கு அனுப்பியிருந்தார். அத்தை ஒரு காலத்தில் நட்டுவாங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர். இப்போது எண்பது தாண்டிவிட்டது, வெளியே போவதில்லை. டிவிடியைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். “என்னடி, உன் பொண்ணு அரைமண்டியே உட்காரலையே? முழங்கால் ரெண்டும் பக்கத்துக்குப் போகவே இல்ல. நெட்டுக்குத்தா நிக்கறா.”

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெண்ணின் அரைமண்டி நல்ல அரைமண்டி. வருடக்கணக்கில் உட்கார வைத்துத் திருத்தியது. செம்பூர் வீட்டு டிவியில் அதே டிவிடியைப் போட்டால் ஒரு குறையும் தெரியவில்லை. வீடியோ எடுத்த ஸ்டுடியோவைக் கேட்டால், “ஊர்ல டிவி செட்டிங் தப்பா இருக்கும்” என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம்தான் தட்டு என்னிடம் வந்தது. மாட்டுங்காவில் பழைய டேப்புகளைக் கணினிக்கும் டிவிடிக்கும் மாற்றித் தருவது என் வேலை.

இன்னும் யார் டிவிடி பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த அத்தை பார்க்கிறார். 2006இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த, பழைய பெட்டி மாதிரியான கலர் டிவி அவர் வீட்டில் இன்னும் ஓடுகிறது. அதனுடன் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி கேபிளில் ஒரு டிவிடி பிளேயர். லிங்க் அனுப்பினால் அவரால் திறக்க முடியாது. தட்டைப் போட்டுப் பட்டனை அழுத்தினால் ஓடும். மும்பையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்கு வரும் டிவிடி வேலையில் பெரும்பகுதி இப்படி ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்குத்தான். அவர்கள் ஒரு முறை பார்த்து ஒரு அபிப்பிராயம் சொன்னால், அது அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க நிற்கும். அதனால் இதைச் சின்ன விஷயமாக நான் நினைப்பதில்லை.

தட்டில் இருந்தது அரங்கேற்றம் மட்டும் இல்லை. முக்கியப் பகுதி இரண்டு கேமராவில் எடுத்து எடிட் செய்த எச்டி, 1920×1080. பிறகு, மாணவிகள் சிதம்பரம் நாட்டியாஞ்சலிக்குப் போய் ஆடியபோது மினி டிவி (MiniDV) என்ற சின்ன டேப் போடும் ஹேண்டிகேமில் எடுத்த கொஞ்ச நேரம். டீச்சரின் சொந்த அரங்கேற்றம், தொண்ணூறுகளின் விஎச்எஸ் டேப்பிலிருந்து. கடைசியில் டீச்சரின் பழைய தோழி ஒருவர் போனை நிமிர்த்திப் பிடித்துப் பேசி அனுப்பிய வாழ்த்து. நான்கும் நான்கு விதமான கோப்புகள். ஸ்டுடியோ அவற்றை வரிசையாகக் கோத்து ஒரே படமாக்கி எழுதியிருந்தது.

முதலில் நான் தட்டைத் திறக்கவில்லை. இரண்டு வீட்டிலும் எந்தப் பகுதி எப்படித் தெரிகிறது என்று டீச்சரிடம் தனித்தனியாகக் கேட்டேன். செம்பூரில் அரங்கேற்றம் சரி, சிதம்பரம் சரி, விஎச்எஸ் பகுதியில் எல்லோரும் குண்டு. கும்பகோணத்தில் அரங்கேற்றமும் சிதம்பரமும் ஒல்லி, விஎச்எஸ் சரி. போன் வாழ்த்து இரண்டு இடத்திலும் பக்கவாட்டில் படுத்துக்கிடந்தது. ஒரு டிவியில் சரியாகத் தெரிவது இன்னொன்றில் தப்பாகவும், தப்பானது சரியாகவும் இருக்கிறது என்றால், கும்பகோணத்து செட்டிங்கைத் திருகி இதைத் தீர்க்க முடியாது. கோளாறு தட்டிலேயே இருக்கிறது.

இது ஏன் என்று புரிய, டிவிடி படத்தை எப்படி வைத்துக்கொள்கிறது என்பது தெரிய வேண்டும். நம் நாட்டில் டிவி பால் (PAL) என்ற பட முறை. அதற்கான டிவிடியில் முழுச் சட்டம் (ஃபிரேம்) என்பது 720×576 பிக்சல், நொடிக்கு 25. படம் பழைய, சதுரம் போன்ற பெட்டி டிவிக்கு உரிய 4:3 ஆனாலும் சரி, அகலத் திரைக்கு உரிய 16:9 ஆனாலும் சரி, அதே 720×576தான். பிக்சல் எண்ணிக்கை மாறாது, பிக்சலின் அகலம்தான் மாறும். 576 உயரத்துக்கு 16:9 படம் சதுரப் பிக்சலில் 1024 அகலம் வர வேண்டும். அதைப் பக்கவாட்டில் நெருக்கி 720க்குள் அடைத்து, ‘இது 16:9, போடும்போது விரித்துக்கொள்’ என்று ஒரு குறிப்பை எழுதி வைக்கிறார்கள். 4:3 படத்துக்கும் 720ஐ 768 அளவுக்கு விரிக்கச் சொல்லும் குறிப்பு உண்டு. டிவிடிக்குத் தெரிந்தவை இந்த இரண்டு விகிதங்கள்தான், மூன்றாவது கிடையாது. குறிப்பு தப்பாக இருந்தால் பிக்சல் அத்தனையும் பத்திரமாக இருக்கும், ஆனால் மனிதர்கள் உருமாறிவிடுவார்கள்.

அந்தக் குறிப்பு ஒரே இடத்தில் இருந்தால் வேலை சுலபம். டிவிடியின் வீடியோ எம்பெக்-2 வகை; அதன் தொடக்கத்தில் உள்ள தலைப்பில் (ஹெடர்) ஒன்று எழுதியிருக்கும். தட்டில் எது எங்கே, எப்படி என்று பிளேயருக்குச் சொல்லும் ஐஎஃப்ஓ (IFO) கோப்பில் இன்னொன்று. வீட்டு பிளேயர் பொதுவாக ஐஎஃப்ஓவை நம்பும். கணினியில் சில மென்பொருள்கள் வீடியோவின் தலைப்பை நம்பும். அதற்கு மேல், தன்னோடு இணைந்திருப்பது எந்த வகை டிவி என்று பிளேயருக்குச் சொல்லும் ஒரு செட்டிங். அதற்கும் மேல், டிவி ரிமோட்டில் ‘ஃபுல்’, ‘ஜூம்’, ‘4:3’ என்று மாற்றும் பட்டன். இத்தனை பேர் கைமாறி வரும் செய்தியில் ஒருவர் தப்பாகச் சொல்லி, அடுத்தவர் எதிர்த் திசையில் தப்புச் செய்தால் கடைசியில் படம் சரியாகத் தெரியும். செம்பூரில் நடந்தது அதுதான்.

கண்ணை நம்பாமல் அளந்து பார்க்க ஒரு வழி, படத்தில் நேராகத் தெரியும் ஒரு வட்டத்தைத் தேடுவது. அரங்கேற்ற மேடையின் பின்திரையில் தர்மாகோலில் வெட்டிய பெரிய வட்டம் ஒன்று, அதற்கு முன்னால் நடராஜர். நடுக் கேமரா அதை நேருக்கு நேர் பார்த்திருந்தது. சிதம்பரம் பகுதியில், மாணவிகள் இறங்கும் வேனின் சக்கரம் பக்கவாட்டில் முழுதாகத் தெரிந்தது. விஎச்எஸ்ஸில் மேடைக்கு மேலே ஒரு சுவர்க் கடிகாரம். கும்பகோணத்தில் பக்கத்து வீட்டுப் பையனை, டிவிக்கு நேரே நின்று திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதை என் மானிட்டரில் வைத்து ஸ்கேலால் அளந்தால், தர்மாகோல் வட்டம் 6 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம். வகுத்தால் 0.75. செம்பூர் டிவியில் எடுத்த போட்டோவில் விஎச்எஸ் கடிகாரம் நேர் எதிர்: 8 அகலம், 6 உயரம், 1.33.

இந்த எண்களைப் பார்த்தாலே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 0.75 என்றால் 16:9 படத்தை யாரோ 4:3 ஆகக் காட்டுகிறார்கள். 1.33 என்றால் 4:3 படத்தை 16:9 ஆக இழுத்திருக்கிறார்கள். 0.70 வந்தால், நெருக்கி வைத்த 16:9 படத்தை விரிக்காமல் பிக்சலுக்குப் பிக்சல் கணினியில் பார்க்கிறீர்கள். 0.94 வந்தால் 4:3 படத்துக்கு அதே கதி. இது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, முகம் லேசாக நீண்டிருக்கும், அவ்வளவுதான். இதையும் விடச் சின்னதாக இரண்டு சதவீதம் வித்தியாசம் வந்தால் விட்டுவிடுங்கள். முழு 720ஐப் படமாகக் கணக்கிடுவதா, ஓரத்தில் எட்டெட்டுப் பிக்சல் விட்டு 704ஐக் கணக்கிடுவதா என்ற பழைய வழக்கு அது. அரைமண்டி அதில் கெடாது.

அத்தை பார்த்தது 0.75. அந்தப் படத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தபோது அவர் சொன்னது எவ்வளவு துல்லியம் என்று தெரிந்தது. அரைமண்டியில் இரண்டு தொடையும் பக்கவாட்டில் திறந்து, கால்களுக்கு நடுவே சாய்சதுரம் போல ஓர் இடைவெளி விழ வேண்டும். அகலம் நான்கில் மூன்றாகச் சுருங்கினால் அந்த இடைவெளி ஒடுங்கி, முழங்கால் முன்பக்கமாக வந்தது போல ஆகிவிடுகிறது. உயரம் அப்படியே இருப்பதால் உட்கார்ந்த ஆழமும் குறைந்து தெரிகிறது. கைகளை நீட்டிப் பிடிக்கும் நாட்யாரம்பம்கூடத் தோளோடு ஒட்டியது போல இருந்தது. டிவியில் தெரிந்த பெண் உண்மையிலேயே அரைமண்டி உட்காரவில்லை. அத்தையின் கண்ணில் ஒரு பிழையும் இல்லை. செம்பூரில் இதற்கு மறுபக்கம் நடந்திருந்தது: விஎச்எஸ்ஸில் டீச்சரின் அந்தக்கால மண்டி, உள்ளதை விட அகலமாகவும் ஆழமாகவும் தெரிந்து, மாணவிகள் அதைப் பார்த்து வியந்திருக்கிறார்கள். “நான் அவ்வளவு உட்கார்ந்ததில்ல தம்பி” என்றார் டீச்சர். கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் தவறான அளவைப் பார்த்துத் தங்களை ஒப்பிட்டுக்கொள்வது, வீடியோக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

சரி, இப்போது தட்டு. கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில், தட்டின் வீடியோ இருக்கும் வாப் (VOB) கோப்பைத் திறந்தால் 720×576, பட விகிதம் 4:3. ஐஎஃப்ஓவிலும் 4:3. ஆனால் உள்ளே அரங்கேற்றம் கறுப்புப் பட்டை எதுவும் இல்லாமல் சட்டம் முழுக்க நிரம்பியிருந்தது. அதாவது, எச்டி படத்தை 16:9க்கு நெருக்குவது போல நெருக்கிவிட்டு, குறிப்பை மட்டும் 4:3 என்று எழுதியிருக்கிறார்கள். எடிட் செய்த மூலக் கோப்பை வாங்கப் போனபோது ஸ்டுடியோப் பையன் புராஜெக்டைத் திறந்து காட்டினான். பழைய கல்யாண வேலைகளுக்கு வைத்திருந்த பால் 4:3 டெம்ப்ளேட். அதில் ‘சட்டத்துக்கு இழுத்து நிரப்பு’ என்ற தேர்வு. அங்கே சோதிக்கும் டிவி எப்போதும் ‘ஃபுல்’லில் இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் திரை முழுக்க இழுத்துவிடும், அதனால் அங்கே அரங்கேற்றம் சரியாகவே தெரிந்திருக்கும். செம்பூர் வீட்டு டிவியும் ‘ஃபுல்’தான். கும்பகோணத்து டிவி மட்டும் தட்டில் எழுதியிருந்ததை அப்படியே கேட்டது.

சிதம்பரம் பகுதிக்கு வேறு கதை. அந்த ஹேண்டிகேமில் அகலத் திரை தேர்வைப் போட்டு எடுத்திருக்கிறார்கள். மினி டிவி டேப்பிலும் அளவு 720×576தான், 16:9 என்ற குறிப்பு தனியாக. டேப்பைக் கணினியில் ஏவிஐ (AVI) கோப்பாக ஆக்கும்போது குறிப்பு விழுந்துவிட்டது, நெருக்கிய படம் மட்டும் மிஞ்சியது. இப்படிக் குறிப்பு இழந்த கோப்புகள் எனக்கு நிறைய வருகின்றன. சக்கரத்தை அளந்தால் ஒழியத் தெரியாது.

குறுக்கு வழி ஒன்று இருந்தது. ஐஎஃப்ஓவில் 4:3ஐ 16:9 என்று மாற்றிவிட்டால், மறுபடி என்கோட் செய்யாமலே அரங்கேற்றமும் சிதம்பரமும் இரண்டு ஊரிலும் சரியாகிவிடும். கேட்பவருக்குச் சந்தோஷம், எனக்கும் வேலை மிச்சம். ஆனால் அதே படத்தோடு சேர்த்துக் கோத்திருக்கும் விஎச்எஸ் இரண்டு ஊரிலும் குண்டாகிவிடும். அந்த விஎச்எஸ்ஸில் பாடுவது அத்தை. அவருக்கு அனுப்பும் தட்டில் அதைக் கெடுப்பது நியாயம் இல்லை.

விஎச்எஸ்ஸை 16:9 சட்டத்துக்குள் நடுவில் வைத்து இரு பக்கமும் கறுப்பு விடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். கணக்கு: 720இல் முக்கால் 540, பக்கத்துக்கு 90 பிக்சல் கறுப்பு. எல்இடி டிவியில் அழகாக இருக்கும். பெட்டி டிவியிலோ, 16:9 சட்டத்தையே பிளேயர் மேலும் கீழும் 72 வரி கறுப்பு விட்டுச் சுருக்கும். அதற்குள் விஎச்எஸ் நான்கு பக்கமும் கறுப்போடு, திரையின் பாதிக்குச் சற்று மேலான பரப்பில் குறுகி நிற்கும். திரை முழுக்கத் தெரிய வேண்டிய ஒரே பகுதி, அந்த வீட்டில்தான் இப்படிச் சிறுத்துப்போகும்.

டிவிடியில் இதற்கு முறையான வழி உண்டு. ஒரு தட்டில் பல டைட்டில்செட், அதாவது தனித்தனி வீடியோத் தொகுதிகள், வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி விகிதம். ஒரே டைட்டில்செட்டுக்குள் இரண்டைக் கலக்கக் கூடாது, அவ்வளவுதான். அரங்கேற்றம், சிதம்பரம், போன் வாழ்த்து மூன்றும் 16:9 செட்டில். விஎச்எஸ் தனியாக 4:3 செட்டில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தாவ முடியாது, தட்டின் தலைமை மெனு வழியாகப் போய்வர வேண்டும். அந்த இடத்தில் ஒரு கணம் திரை கறுக்கும், பரவாயில்லை. மெனுவை 4:3இலேயே செய்தேன். 16:9இல் மெனு போட்டால், பெட்டி டிவியில் சுருங்கித் தெரியும்போது பட்டன் வெளிச்சம் இடம் தவறி விழாமல் இருக்க அதற்குத் தனி அடுக்கு ஒன்று செய்ய வேண்டும். வயதானவர் ரிமோட்டை வைத்துக்கொண்டு எந்தப் பட்டனில் இருக்கிறோம் என்று தேடும் நிலை வேண்டாம் என்று எளிமையாக வைத்தேன்.

என்கோடில் அதிக கவனம் கேட்டது எச்டி பகுதி. அது இடைவரி முறையில் எடுத்தது, நொடிக்கு 50 பாதிப் படங்கள். அப்படியே உயரத்தை 1080இலிருந்து 576க்குச் சுருக்கினால் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று கலந்து, தீர்மானத்தில் (ஜதியை முடிக்கும் அடவுகளில்) கால் தட்டும் இடமெல்லாம் நிழல் விழும். முதலில் 50 முழுப் படங்களாகப் பிரித்து, சுருக்கி, மறுபடி இடைவரியாகக் கோத்தேன். சிதம்பரம் பகுதியில் அளவைத் தொடவே இல்லை, குறிப்பை மட்டும் திருப்பி எழுதினேன். ஆனால் மினி டிவியில் கீழ் வரி முதலில் வரும், எச்டியில் மேல் வரி. இது மாறினால் நடப்பவர் முன்னும் பின்னும் உதறுவது போல ஆகிவிடும், அதைச் சரிபார்த்துக்கொண்டேன்.

விஎச்எஸ்ஸின் அடியில் சில வரிகள் எப்போதும் கலங்கியிருக்கும். பெட்டி டிவி ஓரத்தைத் தானே மறைத்துவிடும், எல்இடியில் தெரியும். அதை வெட்டி எறிந்துவிட்டு மீதியை இழுத்து நிரப்புவது சகஜமான பழக்கம், அதுவும் விகிதத்தைக் கெடுப்பதே. வெட்டாமல் அந்த வரிகளின் மேல் கறுப்புப் பூசினேன்.

போன் வாழ்த்து படுத்துக்கிடந்ததற்குக் காரணம், போன் படத்தைப் படுக்கையாகவே பதிந்து ‘90 பாகை திருப்பு’ என்று குறிப்பு வைக்கிறது; ஸ்டுடியோ மென்பொருள் அதைக் கண்டுகொள்ளவில்லை. நிமிர்த்தி, நொடிக்கு நிலையான 25க்குக் கொண்டுவந்து, 16:9 சட்டத்தில் வைத்தேன். உயரம் 576 என்றால் அகலம் சதுரப் பிக்சலில் 324. அதையே அப்படிப் போட்டால் டிவியில் விரிந்து குண்டாகும். டிவிடியின் நெருக்கப்பட்ட பிக்சலில் 228 வர வேண்டும். பக்கத்துக்கு 246 கறுப்பு. இந்த 324க்கும் 228க்கும் இடையில்தான் பலர் சறுக்குகிறார்கள். பக்கங்களில் அதே படத்தை மங்கலாக்கிப் பரப்பும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. பேசுபவரின் முகத்தைப் பார்க்க விடாமல் கண்ணை இழுக்கும்.

ஸ்டுடியோ எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடைத்திருந்தது, இரண்டே முக்கால் மணிக்கு மேல். 4.7 ஜிபி தட்டில் அவ்வளவு நேரம் வைத்தால் நொடிக்கு நான்கு மெகாபிட்கூடக் கிடைக்காது; பட்டு விசிறி விரியும் வேகத்துக்கு அது போதாது, கட்டம் கட்டமாக உடையும். இரண்டு தட்டாக்கி வர்ணத்தோடு முதல் தட்டை முடித்தேன். பதம், தில்லானா, மற்றவை எல்லாம் இரண்டாவதில். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 நிமிடம், வீடியோவுக்கு நொடிக்கு 7 மெகாபிட் தாராளமாகக் கிடைத்தது. நல்ல வெற்றுத் தட்டுக்கு லேமிங்டன் ரோட்டில் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. பழைய பிளேயர் என்பதால் டிவிடி-ஆர் வாங்கி, மெதுவான வேகத்தில் எழுதினேன்.

இதற்கென்றே என் பட்டறையில் ஒரு பெட்டி டிவி வைத்திருக்கிறேன். அதில் மூன்று வட்டங்களையும் அளந்து, பிறகு எல்இடியில் அளந்து, அதற்கு அப்புறம்தான் கூரியர். கும்பகோணத்துப் பையனிடம் பிளேயரின் செட்டப் மெனுவைத் திறக்கச் சொல்லி, டிவி வகையில் 4:3 லெட்டர்பாக்ஸ் (மேலும் கீழும் கறுப்பு விடும் தேர்வு) வைக்க வைத்தோம். அதில் 16:9 என்று இருந்திருந்தால் நான் செய்த அத்தனையும் வீண், மறுபடி ஒல்லிதான். பான் ஸ்கேன் என்று இன்னொன்று உண்டு; அது திரையை நிரப்புவதற்காகப் பக்கங்களை வெட்டும். மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் நட்டுவாங்கமும் பாட்டும் மிருதங்கமும் காணாமல் போகும். பாடகர் ஒருவருக்கு அனுப்பும் தட்டில் அது நடக்கக் கூடாது என்று, பான் ஸ்கேன் அனுமதி இல்லை என்ற குறிப்பையும் தட்டில் எழுதியிருந்தேன்.

அத்தை பார்த்துவிட்டுப் பேசியபோது, மேலும் கீழும் ஏன் கறுப்பாக இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாராம். டீச்சர் விளக்கிச் சொன்னதும், “இருக்கட்டும், ஜதியில மண்டி நல்லா நிக்கறது, கண்டிப்பா மூணாங் காலத்துலயும் விடாம பிடிக்கச் சொல்லு” என்றிருக்கிறார். பெண்ணுக்கு அந்த வரியை டீச்சர் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

மீதி இருப்பது செம்பூர் டிவி. அங்கே ஏவி கேபிளில் ‘ஃபுல்’ என்று இருக்கும் வரை, விஎச்எஸ் செட் வரும்போது ரிமோட்டில் 4:3 தட்டித்தான் ஆக வேண்டும். எச்டிஎம்ஐ கேபிள் போட்டுப் பார்த்தோம். அந்த பிளேயரில் டிவி வகைக்குக் கீழே 16:9 பில்லர்பாக்ஸ் (இரு பக்கமும் கறுப்பு விடுவது) போன்ற தேர்வு எதுவும் இல்லை, 4:3ஐயும் இழுத்தே அனுப்புகிறது. வேறு பிளேயர் வாங்கும்வரை ரிமோட்தான் வழி என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் தட்டின் உறையில், எந்தப் பகுதிக்கு டிவியில் எந்தத் தேர்வு என்று இரண்டு வரி எழுதி ஒட்டியிருக்கிறது. வகுப்பில் போட்டுக் காட்டுவதற்கு விஎச்எஸ்ஸைத் தனியாக 768×576 சதுரப் பிக்சல் எம்பி4 ஆகவும் பென்டிரைவில் கொடுத்திருக்கிறேன்.